சிவப்பு மூடி, நீல மூடி

டயாலிசிஸ் யூனிட்டில் இரண்டு கட்சி உண்டு. கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசிக்காகத் தயார்செய்த ரத்தக்குழாய், வைத்திருப்பவர்கள் ஒரு கட்சி, என்னைப் போல நெஞ்சில் பெர்ம்காத் என்கிற டயாலிசிஸ் குழாயைத் தொங்கவிட்டிருப்பவர்கள் இன்னொரு கட்சி. ஃபிஸ்டுலாக்காரர்கள் எங்களைப் பார்க்கும் பார்வையில் கொஞ்சம் பரிதாபம் கலந்திருக்கும். "இன்னும் கழுத்துலயேவா? சீக்கிரம் கையில போட்டுக்கம்மா" என்பார்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். கையில் போட்டுப் பார்த்தாயிற்று, எடுபடவில்லை, இனிமேல் போடப்போவதும் இல்லை என்று ஒவ்வொருவரிடமும் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

தொழிலால் நான் தையற்காரி. இப்போதும் தைக்கிறேன், டயாலிசிஸ் இல்லாத நாட்களில். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

சிறுநீரகம் முழுதாகக் கைவிட்ட சமயத்தில் என் இதயமும் பாதி பலத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஃபிஸ்டுலா என்றால் கையில் தமனியையும் சிரையையும் ஒன்றோடொன்று இணைத்துத் தைத்துவிடுவது. தமனியின் வேகம் சிரைக்குள் பாயப் பாய, சிரை பருத்து, பெரிய ஊசி இரண்டைத் தாங்கும் அளவுக்கு முற்றும். அதற்கு ஒன்றரை மாதமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம், முற்றாமலே போகவும் போகலாம். நன்றாக முற்றியதில் நிமிடத்துக்கு 600 மில்லிக்குக் குறையாமல் ரத்தம் ஓட வேண்டும் என்பது கணக்கு. அந்த ரத்தம் உடம்பைச் சுற்றாமல் குறுக்கு வழியில் இதயத்துக்கே திரும்பி வருகிறது. அதையும் சேர்த்துத் தள்ள வேண்டியது இதயம்தானே. எனக்கு இடது மணிக்கட்டில் போட்டது சில வாரங்களிலேயே உறைந்து அடைத்துக்கொண்டது. முழங்கை மடிப்பில் இன்னொன்று போடலாமா என்று பேச்சு வந்தபோது இதய டாக்டர் கையை விரித்துவிட்டார். அங்கே ரத்த ஓட்டம் இன்னும் அதிகம், உங்கள் இதயம் தாங்காது என்றார். செயற்கைக் குழாயைக் கைக்குள் புதைக்கிற கிராஃப்டுக்கும் அதே பதில். வயிற்று வழியாகச் செய்கிற டயாலிசிஸ் எனக்கு ஒத்துவராது, அங்கே ஏற்கெனவே பெரிய ஆபரேஷன் நடந்து உள்ளே எல்லாம் ஒட்டிக்கிடக்கிறது.

சிறுநீரக டாக்டர் சுற்றி வளைக்காதவர். "ஃபிஸ்டுலா, கிராஃப்ட், பெர்ம்காத், மூணுல பெர்ம்காத்துதான் கடைசின்னு எல்லாரும் சொல்வாங்கம்மா. உங்களுக்கு மிஞ்சி நிக்கறது இது ஒண்ணுதான். அப்ப இதையே ஒழுங்கா வெச்சுக்குவோம்" என்றார். 'ஒழுங்கா' என்பதில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஃபிஸ்டுலா போட முடிந்தவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். ரத்தத்தில் கிருமி ஏறுகிற ஆபத்து மூன்றிலும் பெர்ம்காத்தில்தான் அதிகம், அதில் விவாதமே இல்லை. ஆனால் எல்லோருக்கும் ஃபிஸ்டுலாதான், கதீட்டர், அதாவது பெர்ம்காத் மாதிரிக் குழாய், என்றாலே தோல்விதான் என்று பேசுகிற காலம் மாறிவிட்டது. அமெரிக்காவின் தேசிய சிறுநீரக அறக்கட்டளை 2019-க்கான தன் வழிகாட்டுதலில் ஒவ்வொருவரின் உடல்நிலை, மிச்சமிருக்கும் ரத்தக்குழாய்கள், எதிர்பார்க்கும் ஆயுள், அவருடைய விருப்பம் எல்லாவற்றையும் வைத்து ஆளுக்கு ஆள் திட்டம் போடச் சொல்கிறது. வேறு வழி அடைபட்டவர்களுக்கு நீண்டகாலக் கதீட்டர் நியாயமான வழிதான் என்று அதில் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவள் நான்.

சரி, இது என்ன என்று பார்ப்போம். அவசரத்துக்குக் கழுத்திலோ தொடையிலோ நேராகக் குத்திப் போடுகிற குழாய் வேறு. அது தற்காலிகம். கழுத்தில் என்றால் இரண்டு வாரம், தொடையில் என்றால் ஐந்து நாள், அதற்குமேல் வைத்திருக்கக் கூடாது என்பார்கள். பெர்ம்காத் கழுத்துச் சிரைக்குள்தான் நுழைகிறது, ஆனால் வெளியே வருவது அங்கே இல்லை. காரை எலும்பைத் தாண்டித் தோலுக்கு அடியில் ஒரு சுரங்கம் போட்டு, நெஞ்சின் மேல்பகுதியில் வெளியே எடுக்கிறார்கள். வலது பக்கக் கழுத்துச் சிரைக்குத்தான் முதலிடம், அங்கிருந்து இதயத்துக்கு வழி நேராக இருக்கும். உள்முனை இதயத்தின் வலது மேலறை வரை போய் நிற்கிறது. ஒரே உறைக்குள் இரண்டு குழாய். வெளியே வந்ததும் இரண்டு வாலாகப் பிரிகிறது. சிவப்புக் கிளாம்ப் (குழாயை இறுக்கி மூடும் பிடிப்பு) போட்டது ரத்தத்தை மெஷினுக்கு இழுக்க, நீலம் சுத்தமான ரத்தத்தைத் திருப்பி அனுப்ப. உறை முழுசும் சேர்ந்து சுமார் 5 மில்லிமீட்டர் தடிமன்.

போடும்போது மயக்கம் கொடுக்கவில்லை, மரத்துப்போக ஊசி மட்டும்தான். முகத்தை இடது பக்கம் திருப்பி மேலே பச்சைத் துணியைப் போர்த்திவிட்டார்கள். அல்ட்ராசவுண்டில் சிரையைப் பார்த்து ஊசி போட்டு, அதன் வழியே மெல்லிய ஒயரை விட்டார்கள். அந்த நேரத்தில் நெஞ்சு படக்கென்று ஒரு துள்ளு துள்ளியது, மானிட்டரின் சத்தமும் தடுமாறியது. "ஒயர் உள்ளே தொட்டிருக்கும்மா, இழுத்துட்டேன், ஒண்ணுமில்ல" என்று துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. அப்புறம் சுரங்கம். வலி என்று சொல்ல முடியாது. யாரோ தோலுக்குக் கீழே கையை விட்டுத் துழாவுகிற மாதிரி அழுத்தம், இழுப்பு. முனை சரியான இடத்தில் இருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டுத் தையல் போட்டார்கள். கழுத்தில் ஒரு சின்னத் தையல், நெஞ்சில் குழாயைப் பிடித்து நிறுத்த இரண்டு. அதே நாளில் அதே குழாயில் டயாலிசிஸும் நடந்தது. ஃபிஸ்டுலாவில் இது நடக்காது.

என்னை அதிகம் கவர்ந்தது உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிற ஒரு துண்டு. தோல் ஓட்டையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உள்ளே, சுரங்கத்துக்குள், குழாயைச் சுற்றி ஒரு துணிப் பட்டை இருக்கிறது. கஃப் என்கிறார்கள். அது டேக்ரான். அதாவது பாலியெஸ்டர், நான் வருஷக்கணக்காகக் கத்தரித்துத் தைக்கிற துணியின் சொந்தக்காரன். நம் திசு அந்த இழைகளுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்கிறது. சில வாரங்கள் போனால் பட்டை உடம்போடு ஒன்றாகிவிடும். பிறகு வெளித்தையலைப் பிரித்துவிடலாம், குழாய் வழுக்கி வராது. தோல் வழியாக நுழையப் பார்க்கிற கிருமிக்கும் அங்கே ஒரு தடுப்பு. தையலைப் பிரிக்க டெக்னீஷியன் தம்பி பிளேடு எடுத்தபோது, "முடிச்சுக்குக் கீழ ஒரு பக்கம் மட்டும் வெட்டு, இழுத்தா முழுசா வரும்" என்று தொழில் பாசத்தில் சொல்லிவிட்டேன். அவன் சிரித்தபடி, "தெரியும்க்கா" என்றான்.

இந்தப் பட்டையின் கதையும் பழையதுதான். 1943-இல் வில்லெம் கோல்ஃப் நெதர்லாந்தில் செயற்கைச் சிறுநீரகத்தைச் செய்துவிட்டார். ஆனால் ஒவ்வொரு தடவையும் ரத்தக்குழாயை வெட்டித் திறக்க வேண்டியிருந்தது. சில தடவைக்குப் பிறகு வெட்ட இடமே இருக்காது. மெஷின் இருந்தும் ஆளைக் காப்பாற்ற வழி இல்லை. 1960-இல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்க்ரிப்னரும் வேய்ன் குவின்டனும் முன்கையில் தமனிக்கும் சிரைக்கும் இடையே டெஃப்லான் குழாயை வெளியே நிரந்தரமாக வைத்தார்கள். அதைப் போட்டுக்கொண்ட முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ் அதற்குப் பிறகு பதினோரு வருஷம் வாழ்ந்தார். 1966-இல் பிரெஸ்சியா, சிமினோ குழு ஃபிஸ்டுலாவைப் பற்றி எழுதியது. டேக்ரான் பட்டையை வயிற்று டயாலிசிஸ் குழாயில் 1968-இல் பிரபலமாக்கியவர் ஹென்றி டெங்க்காஃப். பட்டை வைத்த ரத்தக்குழாய்க் கதீட்டர்கள் டயாலிசிஸுக்கு வந்து பரவியது 1980-களில். மெஷினைக் கண்டுபிடித்தவர் பெயர் பலருக்குத் தெரியும். உடம்புக்குள் போக வாசல் அமைத்தவர்கள் பெயர் எங்கள் யூனிட்டிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது.

இனி 'ஒழுங்கா' விஷயத்துக்கு வருகிறேன். பெர்ம்காத்தோடு பழகியதில் எனக்குத் தெளிவானது ஒன்றுதான். நாள் முழுக்க அதைப் பற்றிப் பயந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. மூடியைத் திறக்கிற சில நிமிடமும், திரும்ப மூடுகிற சில நிமிடமும்தான் கண்டம். மற்ற நேரமெல்லாம் அது மூடிக் கட்டிய குழாய். அந்த நிமிடங்களில் அதன் வாய் திறந்திருக்கிறது, மறுமுனை என் இதயத்தில் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்ற விதிகள் தானாகப் புரியும்.

எங்கள் யூனிட்டின் மூத்த சிஸ்டர் இதைச் செய்கிறபோது நான் கண் கொட்டாமல் பார்ப்பேன். முதலில் மின்விசிறியை நிறுத்தச் சொல்வார். கட்டில் பக்கத்தில் துணைக்கு வந்தவர் யாராவது நின்றால் வெளியே அனுப்புவார். தனக்கு மாஸ்க், எனக்கும் மாஸ்க். "முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கங்கக்கா, பேசாதீங்க" என்பார். நான் வாயாடி, அவருக்குத் தெரியும். கையைக் கழுவி, கையுறை போட்டு, இரண்டு வாலுக்கும் அடியில் சுத்தமான துணியை விரிப்பார். கிளாம்ப் இரண்டும் மூடியிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்ப்பார். மருந்தில் நனைத்த காஸைச் சுற்றி மூடியின் இடுக்கு, திருகு, பக்கவாட்டு என்று தேய்ப்பார். தேய்த்தவுடன் திறக்க மாட்டார், காயும்வரை நிற்பார். அந்த நிற்றல்தான் நல்ல சிஸ்டருக்கு அடையாளம் என்பது என் கட்சி. அவசரக்காரர்கள் ஈரத்தோடு திறந்துவிடுவார்கள்.

மூடி கழன்றதும், காற்றுப் படவே விடாமல் சிரிஞ்ச் ஏறிவிடும். அதற்குப் பிறகுதான் கிளாம்ப் திறக்கும். இந்த வரிசை தலைகீழானால் மூச்சை இழுக்கும்போது காற்று உள்ளே போய்விடலாம், அது உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறையாமலிருக்கப் போன தடவை நிரப்பி வைத்த ஹெப்பரின் மருந்தோடு கொஞ்சம் ரத்தத்தை இழுத்து அப்படியே வீசிவிட வேண்டும், உள்ளே தள்ளவே கூடாது. சிஸ்டர் அந்த ரத்தத்தை வெள்ளை காஸில் பீய்ச்சிப் பார்ப்பார். கருஞ்சிவப்பில் சின்னச் சின்ன நூல்கள், கட்டிகள் இருக்கின்றனவா என்று பார்க்கத்தான். இருந்தால் "ம்" என்று ஒரு சத்தம் வரும், எனக்கு வயிற்றைக் கலக்கும். பிறகு சலைனை விட்டு விட்டுத் தள்ளிக் கழுவி, மெஷின் லைனை மாட்டுவார். சிவப்பு முடிந்தால் நீலம்.

முடிக்கிறபோது இதே வரிசை மறுபடியும். கடைசியில் ஹெப்பரின் லாக். சில இடங்களில் சிட்ரேட் போடுகிறார்கள். எவ்வளவு என்பது குழாயிலேயே அச்சிட்டிருக்கும். என்னுடையதில் சிவப்பு 1.6 மில்லி, நீலம் 1.7. குறைந்தால் முனையில் ரத்தம் உறையும், கூடினால் மருந்து உடம்புக்குள் கசியும். தள்ளிக்கொண்டிருக்கும்போதே கிளாம்ப் விழ வேண்டும், இல்லாவிட்டால் கடைசி நொடியில் ரத்தம் பின்வாங்கிக் குழாய்க்குள் வந்துவிடும். புது மூடி. பழைய மூடியைத் திரும்பப் போட்டால் நான் கேட்டுவிடுவேன். கேட்பதற்கு யாரும் கோபித்துக்கொண்டதில்லை, ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

ஒருமுறை வேறு ஓர் இடத்தில் டயாலிசிஸ் செய்ய வேண்டி வந்தது. மாஸ்க் இல்லை, திறந்த மூடிகள் தட்டில் கிடக்க, சிஸ்டர் கையுறையோடு போனை எடுத்துப் பேசிவிட்டு வந்தார். அதனால்தான் வந்தது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அதற்கு அடுத்த வாரம் எங்கள் யூனிட்டிலேயே, மெஷின் ஓட ஆரம்பித்து அரை மணி நேரத்தில் எனக்கு உதறல் எடுத்தது. பல் கிட்டிக்கொண்டு கட்டிலே ஆடுகிற மாதிரி குளிர். போர்வைமேல் போர்வை போட்டும் நிற்கவில்லை, அப்புறம் காய்ச்சல் ஏறியது. பெர்ம்காத் உள்ளவருக்கு டயாலிசிஸின்போது குளிர்க்காய்ச்சல் வந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை குழாயில் கிருமி என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். குழாய்க்குள் ஒட்டிக்கிடக்கும் கிருமியை மெஷினின் ஓட்டம் அள்ளி ரத்தத்தில் கொட்டிவிடுகிறது. ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கும் முன்னாலேயே இரண்டு இடத்து ரத்தத்தைக் கல்ச்சருக்கு, அதாவது எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, எடுத்தார்கள். அது முக்கியம், மருந்து போட்டபின் எடுத்தால் கிருமி பிடிபடாமல் போகலாம். காய்ச்சல் அடங்கியதும் அதே வழியில் ஒயரை விட்டுப் பழைய குழாயை உருவிப் புதியதை ஏற்றினார்கள். எந்தக் கிருமி என்பதைப் பொறுத்து, சிலருக்குக் குழாயை உடனே எடுத்தே ஆக வேண்டும். அப்படிப்பட்ட கிருமி இதய வால்விலும் முதுகெலும்பிலும் போய் உட்காரக்கூடியது. எனக்கு வாரக்கணக்கில் மருந்து ஓடியது, பெரும்பாலும் டயாலிசிஸின் கடைசியில் அங்கேயே போட்டுவிடுவார்கள்.

வீட்டில் காய்ச்சல் வந்தாலும் இதே கதைதான். சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுப் படுக்காதீர்கள். குழாய் வெளிவரும் இடத்தில் சிவப்பு, சீழ், சுரங்கத்தின் வழியே தொட்டால் வலி, இவற்றில் எது இருந்தாலும் அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காமல் அன்றைக்கே யூனிட்டுக்குப் போன் செய்ய வேண்டும்.

அடைப்புத் தொல்லை கிருமி அளவுக்குப் பயங்கரம் இல்லை, ஆனால் எரிச்சலைக் கிளப்பும். நல்லபடியாக ஓடினால் நிமிடத்துக்கு 300 மில்லிக்கு மேல் போகும். சில நாட்களில் மெஷின் கத்திக்கொண்டே இருக்கும். "அக்கா இருமுங்க", "கழுத்தை இந்தப் பக்கம்", "கையைத் தூக்குங்க", "கொஞ்சம் சாய்ஞ்சு படுங்க" என்று ஒரு உடற்பயிற்சி வகுப்பே நடக்கும். பல தடவை முனை இதயச் சுவரில் ஒட்டிக்கொண்டதுதான் காரணம், அசைந்தால் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் சிவப்பையும் நீலத்தையும் மாற்றி மாட்டுவார்கள். மெஷின் வாயை மூடிக்கொள்ளும், ஆனால் இப்போதுதான் சுத்தமாகித் திரும்பிய ரத்தத்தையே மெஷின் மறுபடி இழுக்கும், சுத்திகரிப்பு குறையும். ஒரு நாள் சமாளிக்கச் செய்யலாம், வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. வாரா வாரம் மாற்றி மாட்டினால் ஏன் என்று கேளுங்கள்.

இன்னொரு வகை அடைப்பு விசித்திரமானது. சலைனைத் தள்ளினால் சுலபமாகப் போகிறது, ரத்தத்தை இழுத்தால் வராது. குழாயின் முனையைச் சுற்றி உடம்பு ஃபைப்ரின் என்கிற படலத்தை உறை மாதிரி வளர்த்திருக்கும். தள்ளும்போது விலகி, இழுக்கும்போது வாயை மூடிக்கொள்ளும். எனக்கு வந்தபோது உறைகட்டியைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் மருந்தை இரண்டு குழாயிலும் நிரப்பி ஊறவிட்டார்கள். அன்று கரைந்தது. கரையாதபோது குழாயை மாற்றுவார்கள், சில இடங்களில் பலூன் விட்டு உறையைக் கிழிப்பார்கள்.

இனி வீட்டுச் சமாச்சாரம். மூன்று மாதம் கழித்து மறுபடி தையல் மெஷினில் உட்கார்ந்த அன்றே ஒரு சங்கடம். தையற்காரிக்கு அளவு டேப் எப்போதும் கழுத்தில்தான். மாலை மாதிரி போட்டுக்கொண்டு குனிந்தேன், டேப்பின் முனை மெஷின் சக்கரத்துக்கும் என் நெஞ்சுக்கும் நடுவில் ஆடியது. மகள் ஓடிவந்து உருவிவிட்டாள். இப்போது டேப் ஜன்னல் ஆணியில் தொங்குகிறது. குண்டூசியைச் சட்டையின் நெஞ்சுப் பக்கத்தில் குத்தி வைக்கிற பழக்கம் எல்லாத் தையற்காரர்களுக்கும் உண்டு, அதையும் விட்டேன். கத்தரிக்கோல் விஷயத்தில் யூனிட்டில் ஒரே பேச்சுத்தான், குழாய்க்குப் பக்கத்தில் வரவே கூடாது. டிரெஸ்ஸிங்கைப் பிரிக்கக்கூட. வேலை செய்யும்போது இரண்டு வாலையும் மேல்நோக்கி மடித்து, தடித்த பருத்தித் துணியில் நானே தைத்த சின்னப் பைக்குள் போட்டு, சட்டைக்குள் வைத்துப் பட்டன் போட்டுக்கொள்கிறேன். எடை தோலில் தொங்காது, பேரன் இழுத்தாலும் நேராக இழுபடாது. அவன் கண் எப்போதும் நீல மூடி மேல்தான்.

சட்டைகளைப் பற்றி என்னைக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன். தலைவழியாக மாட்டுகிற எதுவும் வேண்டாம், முன்பக்கம் முழுசாகத் திறக்க வேண்டும். யூனிட்டுக்குப் போடும் சட்டைக்கு வலது நெஞ்சில் மட்டும் ஒரு மடிப்புக் கதவு வைத்து, உள்பக்கம் பிரஸ் பட்டன் தைத்திருக்கிறேன். வால் வெளியே வரும், மார்பை மூடியே வைத்திருக்கலாம். பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அந்தக் கட்டிலில் நாலு மணி நேரம் படுத்தவர்களுக்குத்தான் தெரியும். யூனிட்டில் பார்த்துவிட்டுப் பலர் கேட்டார்கள், தைத்துக் கொடுத்தேன். வெல்க்ரோ வைக்காதீர்கள், நூலும் பஞ்சும் அதில் மாட்டிக்கொண்டு டிரெஸ்ஸிங் பிளாஸ்டரைப் பிடித்து இழுக்கும்.

குளியல்தான் பெரிய இழப்பு. தலைக்கு மேல் தண்ணீர் ஊற்றிக் குளிப்பதை நான் விட்டுவிட்டேன். இடுப்புக்குக் கீழே தண்ணீர், மேலே ஈரத்துணி. தலைமுடிக்கு மட்டும் நாற்காலியில் பின்னால் சாய்ந்தபடி மகள் அலசிவிடுவாள். ஓட்டை நன்றாக ஆறியபின் மேலே உறை ஒட்டிக் குளிக்கச் சில யூனிட்டுகள் அனுமதிக்கின்றன, உங்கள் யூனிட்டைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீச்சல் கிடையாது. டிரெஸ்ஸிங் நனைந்தாலோ விளிம்பு கிளம்பினாலோ அதன்மேல் இன்னொரு பிளாஸ்டர் ஒட்டிச் சமாளிக்காமல் மாற்றச் சொல்லுங்கள்.

சிறுநீரக நோய் இருந்து இன்னும் டயாலிசிஸ் ஆரம்பிக்காதவர்கள் யாராவது இதுவரை படித்து வந்திருந்தால், உங்களுக்கு ஒரு விஷயம். கையின் ரத்தக்குழாய்களைச் சேமியுங்கள். ரத்தம் எடுக்கவோ டிரிப் போடவோ புறங்கையைக் கொடுங்கள், முன்கையையும் முழங்கை மடிப்பையும் விட்டுவிடச் சொல்லுங்கள். கை வழியாக நெஞ்சு வரை விடுகிற நீண்ட டிரிப் குழாயை யாராவது போட வந்தால், "எனக்குச் சிறுநீரக நோய், சிறுநீரக டாக்டரைக் கேட்டுட்டுப் போடுங்க" என்று சொல்லிவிடுங்கள். ஒரு காலத்தில் டயாலிசிஸ் குழாயைக் காரை எலும்புக்கு அடியில் உள்ள சிரையில் போடுவது பரவலாக இருந்தது. போகப் போக அந்தச் சிரை சுருங்கி, அந்தப் பக்கக் கையே ஃபிஸ்டுலாவுக்கு உதவாமல் போனது பலருக்கு. கழுத்துச் சிரையிலும் நாள்பட்டால் இந்தச் சுருக்கம் வரலாம். ஒரு பக்கக் கையோ முகமோ வீங்கினால், நெஞ்சில் நீல நரம்புகள் புடைத்துத் தெரிந்தால் சொல்லியாக வேண்டும். எல்லாச் சிரையும் தீர்ந்துபோனவர்களுக்கு இடுப்புப் பின்புறம் வழியாகப் பெரிய சிரைக்குள்ளும், கல்லீரல் வழியாகவும்கூடக் குழாய் போடுகிறார்கள். அங்கே போய் நிற்கும் நிலை யாருக்கும் வேண்டாம்.

ஆபத்து நேரத்துக்கு மகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பது இவ்வளவுதான். மூடி கழன்று விழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது கிளாம்ப் மூடியிருக்கிறதா என்பது. குழாயில் விரிசல் என்றால் விரிசலுக்கும் உடம்புக்கும் நடுவில் மடித்து இறுக்கிப் பிடிக்க வேண்டும். காற்று உள்ளே போய் மூச்சுத் திணறினால் இடது பக்கம் ஒருக்களித்து, தலை தாழ்வாகப் படுக்கவைக்க வேண்டும். குழாய் முழுசாக வெளியே வந்துவிட்டால் படுக்கவைத்து, நெஞ்சிலுள்ள ஓட்டையையும் கழுத்தில் சிரைக்குள் நுழைந்த இடத்தையும் இரண்டையும் அழுத்த வேண்டும். நெஞ்சை மட்டும் அழுத்தினால் சிரையிலிருந்து வருகிற ரத்தம் நிற்காது. அழுத்தியபடியே ஆம்புலன்ஸுக்குப் போன். பாதி வந்து துணிப் பட்டை வெளியே தெரிந்தால் திரும்ப உள்ளே தள்ளவே கூடாது, பிளாஸ்டர் போட்டு அசையாமல் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

இன்னொன்று, மற்ற இடங்களில் இந்தக் குழாயைத் தொடவிடாதீர்கள். போன மாதம் வேறு ஒரு பரிசோதனைக்குப் போனபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் என் நெஞ்சைப் பார்த்துவிட்டு, "ஆன்டி, லைன் ரெடியா இருக்கே, இதுலயே ரத்தம் எடுத்துடறேன்" என்று சிரிஞ்சோடு வந்தாள். போன் உறைக்குப் பின்னால் ஒரு அட்டை வைத்திருக்கிறேன், யூனிட் சிஸ்டர் எழுதிக் கொடுத்தது. டயாலிசிஸுக்கு மட்டும், உள்ளே ஹெப்பரின் நிரப்பியிருக்கிறது, சிவப்பு 1.6, நீலம் 1.7, யூனிட்டின் தொலைபேசி எண். அதை நீட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "சாரி ஆன்டி, கையைக் குடுங்க" என்றாள். வலது புறங்கையைக் கொடுத்தேன், முதல் குத்திலேயே கிடைத்தது.